எட்டு நிமிடம் அசையாதவன்

இது நடந்த சம்பவம். தேதி, நேரம் எல்லாம் இருக்கிறது. 1946ஆம் வருஷம், பங்குனி மாதம், ஒரு புதன்கிழமை. இடம் கீழப்பழுவூர். பகல் பதினொன்று நாற்பதிலிருந்து பன்னிரண்டு முப்பத்தொன்றுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆமாம், பகல்தான். பேய் என்றால் நடுராத்திரியில்தான் வரும் என்று தைரியமாக இதைப் பட்டப்பகலில் படிக்க எடுத்தவர்கள் கொஞ்சம் யோசித்துக்கொள்ளுங்கள்.

நடந்தது அரங்கநாதனுக்கு. அரியலூரில் ரயிலடிக்குப் போகிற தெருவில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தவர். யாராவது பேய் பிசாசு என்று பேச்செடுத்தால், "கூட்டிட்டு வாங்க, உக்கார வச்சு ஒரு படம் எடுத்துடுவோம்" என்று பல் தெரியச் சிரிப்பார். அந்தப் புதன்கிழமைக்குப் பிறகு அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததே இல்லை.

கல்யாண ஜோடியை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், காரை எடுக்கத்தான் கை வேண்டும் என்பது அவர் கட்சி. அதிலும் கறுப்புக் கார் என்றால் கேட்கவே வேண்டாம். பளபளவென்று துடைத்து வெயிலில் நிறுத்தினால் காரா படத்தில் விழும்? எதிரே இருக்கிற புளியமரம், வேடிக்கை பார்க்கிற கூட்டம், படம் எடுக்கிறவரின் தொப்பை உட்பட எல்லாம் கதவில் விழும்.

அதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். காரை இருட்டில் வைத்து எடுப்பார். லென்ஸின் வாயைக் கடைசி வரை, முப்பத்திரண்டாம் எண்ணுக்குச் சுருக்கிவிடுவார். அப்போதுதான் முன் விளக்கிலிருந்து பின் சக்கரம் வரை எல்லாம் துல்லியமாக விழும். ஆனால் வாய் சிறுத்தால் வெளிச்சம் போதாது. அதனால் லென்ஸ் மூடியைக் கழற்றிவிட்டு முழுதாக எட்டு நிமிடம் விட்டுவைப்பார். அந்த எட்டு நிமிடமும் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு, ஒரு கையில் பெட்ரோமாக்ஸ், மறு கையில் அதை லென்ஸுக்கு மறைக்க ஒரு தகரம் என்று காரைச் சுற்றிச் சுற்றி நடப்பார். சுவருக்கு வெள்ளையடிப்பது போல வெளிச்சத்தைக் கார் மேல் பூசுவார்.

அவரும் படத்தில் விழுந்துவிட மாட்டாரா என்று கேட்பார்கள். விழமாட்டார். நடந்துகொண்டே இருக்கிறவன் படம் பதிகிற கண்ணாடிப் பிளேட்டில் தங்கமாட்டான். எட்டு நிமிடமும் ஆடாமல் அசையாமல் இருப்பது மட்டும்தான் விழும். இதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

யுத்தம் முடிந்திருந்தது, பிளேட் பஞ்சம் முடியவில்லை. ஸ்டூடியோ பாதி நாள் மூடிக்கிடந்தது. அந்தச் சமயத்தில் திருச்சியில் ஒரு மோட்டார் கம்பெனி மானேஜர் கிருஷ்ணமூர்த்தி ஆள் அனுப்பினார். கீழப்பழுவூர்ப் பண்ணையார் காலமாகிவிட்டார், அவர் காரைக் கம்பெனி எடுத்துக்கொள்ளப் போகிறது, விளம்பரத்துக்குப் படம் வேண்டும். படம் நன்றாக வந்தால் இனிமேல் கம்பெனிக்கு அரங்கநாதன்தான் போட்டோகிராபர். பிளேட்டும் கம்பெனியே வரவழைத்துக் கொடுக்கும். மூழ்குகிறவருக்குப் படகு வந்த மாதிரி இருந்தது.

அவரிடம் மிச்சமிருந்தது ஒரே ஒரு பிளேட். தப்பினால் இன்னொரு தடவை கிடையாது.

பண்ணை வீட்டின் பின்னால், முந்திரித் தோப்பை ஒட்டி அந்தக் கார் ஷெட் இருந்தது. காவல்காரர் தர்மன் கதவைத் திறந்துவிட்டார். அறுபது வயசு இருக்கும். திறந்துவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டார். உள்ளே கால் வைக்கவில்லை.

கறுப்புக் கார். டயர்களை எப்போதோ கழற்றியிருந்தார்கள். செங்கல் அடுக்கி அதன்மேல் நிறுத்தியிருந்தது. பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு இரும்பு உருளை. பெட்ரோல் கிடைக்காத யுத்த காலத்தில் அந்த உருளையில் கரியை எரித்து, அதிலிருந்து வரும் வாயுவில்தான் கார் ஓட்டினார்கள். ஷெட்டில் ஜன்னல் இல்லை. சுவருக்கும் கூரைக்கும் நடுவே இருந்த சந்து பொந்தையெல்லாம் களிமண் வைத்து யாரோ அடைத்திருந்தார்கள். உள்ளே கரி நாற்றம். அரியலூரிலிருந்து வந்த பஸ்ஸும் கரியில் ஓடுகிற பஸ்தான். சட்டையில் ஒட்டிக்கொண்டு வந்த நாற்றம் என்று நினைத்தார்.

காரின் கதவை விரலால் தடவிப் பார்த்தார். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை.

"மூணு வருஷமா பூட்டிக் கெடக்குன்னாங்க. தூசியே இல்லையே பெரியவரே. யாரு தொடைக்கிறது?"

"யாரும் தொடைக்கிறதில்லீங்க சார்."

இன்னொரு ஆளாக இருந்தால் அங்கேயே திரும்பியிருப்பார். அரங்கநாதன், துடைக்கிற வேலை மிச்சம் என்று சந்தோஷப்பட்டார்.

ஸ்டாண்டை நிறுத்தினார். கேமராப் பெட்டியை அதன்மேல் மாட்டினார். லென்ஸ் காரின் முன் விளக்கு உயரத்துக்கு இருக்கும்படி இறக்கினார். பெட்ரோமாக்ஸுக்குக் காற்றடித்து ஏற்றினார். பிறகு கதவைச் சாத்தச் சொன்னார். பழைய கதவு, சாத்தினால் தானாகவே நான்கு விரற்கடை திறந்துகொண்டது. வெளியிலிருந்த வெயில் ஒரு வெள்ளைக் கோடாகக் காரின் மேல் விழுந்தது.

"வெளியில குறுக்குக் கட்ட இருக்குல்ல? அதப் போட்டுடுங்க."

தர்மன் முகம் மாறிவிட்டது. "வேணாங்க சார். நான் கையால இழுத்துப் புடிச்சுக்கிறேன்."

"எவ்வளவு நேரம் புடிப்பீங்க? ஒரு கோடு வெளிச்சம் வந்தாலும் என் பிளேட்டு போச்சு. கட்டயப் போடுங்க."

"உள்ளேருந்து... தட்டினா?"

"தட்டினாலும் தெறக்காதீங்க. ஸ்டாண்டு இடிக்கும், காலு இடிக்கும், நூறு சத்தம் வரும். நான் வாயால கூப்பிட்டா மட்டும் தெறங்க. புரிஞ்சுதா?"

தர்மன் கண்ணில் தண்ணீர் நின்றது. வயசானவர், வெயிலில் நிற்கிறார் என்று அரங்கநாதன் நினைத்துக்கொண்டார். கதவு மூடியது. கட்டை விழும் சத்தம் கேட்டது. டமார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி 11.40.

காரின் முன் விளக்குகள் இரண்டும் வெள்ளி போல மின்னின. அப்படியே எடுத்தால் படத்தில் இரண்டு வெள்ளைத் திட்டாக விழும். அதற்கும் அவரிடம் மருந்து இருந்தது. மெல்லிய துணியில் விபூதியை முடிந்து வைத்திருப்பார். மினுக்குகிற இடத்தில் லேசாகத் தட்டினால் பளபளப்பு அடங்கிவிடும். சாமி குற்றம் என்று மனைவி ஜானகி திட்டுவாள். இரண்டு விளக்கிலும் தட்டினார். பின்னால் வந்து பார்த்தார். சரியாக மங்கியிருந்தது.

பெட்டிக்குத் திரும்பி, லென்ஸின் வளையத்தை முப்பத்திரண்டுக்குத் திருப்பினார். நிமிர்ந்தார்.

இடது பக்க விளக்கு மின்னிக்கொண்டிருந்தது.

கிட்டே போய்ப் பார்த்தார். விபூதி இல்லை. ஒரு பொட்டுகூட இல்லை. துணியை வட்டமாகச் சுற்றித் துடைத்த ஈரத்தடம் மட்டும் இருந்தது. சரியாகத் தட்டவில்லை போல என்று மறுபடியும் தட்டினார். திரும்பினார். நான்கு அடி நடந்தார்.

பின்னால் ஒரு சத்தம். சரக்... சரக்... சரக்...

துணி தேய்க்கிற சத்தம்.

சட்டென்று திரும்பினார். யாரும் இல்லை. இப்போது இரண்டு விளக்குகளும் மின்னின. மணி 11.52.

எலி, காற்று என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். எலி எங்கேயாவது காரைத் துடைக்குமா என்று அதே மனசு கேட்டது. பின்பக்கம் யாராவது பதுங்கியிருக்கிறார்களா என்று சுற்றிப் போய்ப் பார்த்தார். சுவர்தான் இருந்தது. நிலை தடுமாறி அந்த இரும்பு உருளை மேல் கையை ஊன்றினார். வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்.

உருளை சூடாக இருந்தது.

மூன்று வருஷமாக யாரும் கொளுத்தாத உருளை. வெயிலில் கூரை காய்கிறது, அந்தச் சூடு என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். அப்படியானால் பக்கத்திலிருந்த காரின் தகரம் ஏன் ஜில்லென்று இருக்கிறது என்பதை அவர் யோசிக்க விரும்பவில்லை.

சீக்கிரம் முடித்துவிட்டுப் போய்விட வேண்டும். அது ஒன்றுதான் அப்போது அவருக்கு வேண்டியிருந்தது.

பெட்டியின் பின்னால் போய்க் கறுப்புத் துணியைத் தலைமேல் போர்த்திக்கொண்டார். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் காலத்துப் பெட்டியில், பின்னால் இருக்கும் கண்ணாடியில் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும். கார் மேலே தொங்கும். கூரை கீழே கிடக்கும். இருபது வருஷமாக உலகத்தை அப்படிப் பார்த்துப் பழகியவர் அவர்.

கார் தலைகீழாகத் தெரிந்தது. விளக்கு தலைகீழாகத் தெரிந்தது. சக்கரத்தின் கீழிருந்த செங்கல், மேலே தெரிந்தது.

ஒரு முகம் தெரிந்தது.

நேராக.

ஒரு கணம் அவருக்குப் புரியவில்லை. லென்ஸ் வழியாக வருகிற எதுவும் நேராகத் தெரியாது. நேராகத் தெரிந்தால் அது எதிரே இருப்பதல்ல. கண்ணாடியில் பட்டுத் திரும்புகிற நிழல்.

அதாவது, பார்க்கிறவருக்குப் பின்னால் இருக்கிறது.

துணிக்குள்ளே.

அவர் தோளுக்கு மேலே.

மூச்சு ஒன்று காதில் பட்டது. கரி நாற்றம்...

துணியை உதறி எறிந்தார். யாரும் இல்லை. பெட்ரோமாக்ஸ் உஸ்ஸென்று எரிந்துகொண்டிருந்தது. மணி சரியாகப் பன்னிரண்டு.

தர்மனைக் கூப்பிட வாயைத் திறந்தார். அப்போது கூப்பிட்டிருந்தால் கதவு திறந்திருக்கும். ஆனால் இந்தக் கிழவர் ஒருமுறை திறந்தால் மறுபடி கட்டையைப் போடமாட்டார். படம் போய்விடும். கம்பெனி வேலை போய்விடும். ஸ்டூடியோவை மூடிவிட்டு ஜானகியின் அண்ணன் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். எட்டு நிமிடம்தானே, பல்லைக் கடித்துக்கொள்வோம் என்று வாயை மூடிக்கொண்டார். அவர் வாழ்க்கையில் செய்த பெரிய முட்டாள்தனம் அதுதான்.

பிளேட்டைப் பெட்டியில் சொருகினார். இரண்டு தடவை கோணலாகப் போய், எடுத்துத் திருப்பிச் சொருகியதில் நேரமாயிற்று. மூடியைக் கழற்றினார். மணி 12.09.

விளக்கைத் தூக்கிக்கொண்டு நடக்கத் தொடங்கினார். ஒன்று... இரண்டு... மூன்று... வாய்க்குள் எண்ணினார். முதல் நிமிடம் ஒன்றுமில்லை. இரண்டாம் நிமிடம் ஒன்றுமில்லை.

மூன்றாம் நிமிடம், காருக்குள்ளிருந்து சத்தம் வந்தது. கிரீச்...

சீட்டில் ஒருவர் உட்காரும்போது ஸ்பிரிங் அழுந்துகிற சத்தம்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நின்று பார்த்தால், நின்ற இடத்தில் படத்தில் விழுந்துவிடுவார். நடக்க வேண்டும். நடந்துகொண்டே இருக்க வேண்டும்.

நான்காம் நிமிடம்.

டொக்... டொக்... டொக்...

கதவைத் தட்டுகிற சத்தம். உள்ளேயிருந்து.

அவர் அப்போது காரின் பின்னால் இருந்தார். கதவுக்கும் அவருக்கும் பதினைந்து அடி.

வெளியே தர்மன் நிற்கிறார். அவருக்கும் கேட்டிருக்கும். ஆனால் திறக்கமாட்டார். தட்டினாலும் திறக்காதே என்று சொன்னது யார்? இவரேதான்.

ஐந்தாம் நிமிடம் தலை வலித்தது. ஆறாம் நிமிடம் காரில் தோளை உரசிக்கொண்டு நடந்தார். விளக்கின் வெளிச்சம் மஞ்சளாகிக் குறுகியது. ஏழாம் நிமிடம் எண்ணிக்கை தப்பியது. கண் இருட்டியது. கரி நாற்றம் தொண்டைக்குள் இறங்கியது.

மூடியைப் போட்டார். 12.17.

"தர்ம..."

குரல் வரவில்லை.

மறுபடியும் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

விழுந்து எழுந்து கதவுக்குப் போனார். தட்டினார். இரண்டு கையாலும் தட்டினார். கதவு அசையவில்லை. களிமண் வைத்து அடைத்த சுவர். ஜன்னல் இல்லை. ஒரு சந்து இல்லை.

வெளியே தர்மன் அழுகிற சத்தம் கேட்டது.

"தட்டாதடா... தட்டாத சாமி... என்னால தாங்க முடியல..."

'டா'வா? என்னையா சொல்கிறார்?

விளக்கு அணைந்தது.

இருட்டு.

தட்டினார்.

டொக்... டொக்...

நிறுத்தினார்.

டொக்... டொக்... டொக்...

சத்தம் நிற்கவில்லை.

அவர் கைக்குப் பக்கத்திலேயே... இன்னொரு கை...

தட்டிக்கொண்டிருந்தது.

கதவு திறந்தபோது மணி 12.31. வெயில் மொத்தமாக வந்து முகத்தில் விழுந்தது. தர்மன் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் முந்திரி மரத்தடியில் போட்டார். தண்ணீர் கொடுத்தார். அரங்கநாதனுக்கு எதையும் கேட்கத் தெம்பில்லை. அடைத்த ஷெட்டில் பெட்ரோமாக்ஸை அவ்வளவு நேரம் எரித்தால் மூச்சு முட்டாமல் என்ன செய்யும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தர்மனே உள்ளே போய்ப் பெட்டியையும் ஸ்டாண்டையும் எடுத்துவந்து கொடுத்தார். அதுவரை உள்ளே கால் வைக்காதவர், இப்போது போனார். திரும்பி வர ரொம்ப நேரமாயிற்று.

அன்று சாயங்காலம் ஸ்டூடியோவில் பிளேட்டைக் கழுவினார். இருபது வருஷத்தில் அப்படி ஒரு படம் அவர் எடுத்ததில்லை. கறுப்புக் காரின் ஒவ்வொரு வளைவும் தெளிவாக இருந்தது. ஒரு நிழல் இல்லை, அவருடைய தொப்பை இல்லை. முன் விளக்குகள் மட்டும் துடைத்துவைத்த மாதிரி மின்னின.

டிரைவர் சீட்டில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான்.

காக்கிச் சட்டை. இருபத்தைந்து வயசு இருக்கும். முகம் லென்ஸைப் பார்க்கவில்லை. கதவுப் பக்கம் திரும்பியிருந்தது. வாய் திறந்திருந்தது, யாரையோ கூப்பிடுவது போல. சட்டைப் பொத்தானைக்கூட எண்ணலாம், அவ்வளவு துல்லியம்.

எட்டு நிமிடமும் ஆடாமல் அசையாமல் இருப்பது மட்டும்தான் விழும். மூச்சு விடுகிறவனுக்குச் சட்டை லேசாகக் கலங்கித்தான் விழும்.

இவன் சட்டை கலங்கவில்லை.

வேறு பிளேட் இல்லை. வேறு வழியும் இல்லை. வெள்ளிக்கிழமை அதையே திருச்சிக்குக் கொண்டுபோனார். மானேஜர் கிருஷ்ணமூர்த்தி ஜன்னலோரம் வைத்து வெகுநேரம் பார்த்தார். "பிரமாதம் சார். டிரைவர உள்ள உக்கார வச்சீங்களே, நல்ல யோசனை. ஆனா கொஞ்சம் சிரிச்ச மொகமா இருக்கச் சொல்லிருக்கலாம்." வேலை கிடைத்துவிட்டது. அதற்காக ஜானகி அம்மனுக்குப் பொங்கல் வைத்தாள். அரங்கநாதனுக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கீழப்பழுவூர் போனார். ஷெட் கதவு அகலத் திறந்து கிடந்தது. குறுக்குக் கட்டையைக் காணோம். பக்கத்தில் சாம்பலும் பாதி எரிந்த ஒரு கட்டைத் துண்டும் கிடந்தன. தர்மன் வாசலில் உட்கார்ந்திருந்தார். அரங்கநாதன் படத்தை நீட்டினார். தர்மன் இரண்டு கையாலும் வாங்கினார். கட்டை விரலால் அந்த முகத்தைத் தடவினார்.

"எங்க அக்கா மவன் சார். வெள்ளைச்சாமி. இந்த வண்டிக்கு டிரைவர். ஒரு பொட்டு தூசி படவுட மாட்டான்."

பிறகு மெதுவாகச் சொன்னார். நாற்பத்து மூன்றில் பட்டாளத்துக்கு வண்டி பிடிக்க ஒரு ஆபீசர் ஊர் ஊராக வந்தார். பண்ணையார் காரை ஒளித்துவைக்க ஷெட்டின் சந்தையெல்லாம் களிமண் வைத்து அடைக்கச் சொன்னார். ஆபீசர் அசந்தால் தோப்பு வழியாக ஓட்டிக்கொண்டு போகத் தயாராக இரு என்று வெள்ளைச்சாமியையும் உள்ளே வைத்தார். அவன் உருளையில் கரியைக் கொளுத்திவைத்துக் காத்திருந்தான். வெளியே கட்டை. காவலுக்குத் தர்மன். ஆபீசர் பண்ணை வீட்டில் உட்கார்ந்து சாவகாசமாகச் சாப்பிட்டார்.

"என்ன சத்தம் வந்தாலும் தெறக்காதன்னு ஐயா சொல்லிட்டாங்க. தட்டுனான் சார். மாமா மாமான்னு கூப்பிட்டான். சத்தம் போடாதடான்னு நான் அதட்டுனேன். அப்புறம் நின்னுபோச்சு. சொன்ன பேச்சக் கேக்குறான்னு நெனச்சேன்..."

முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அரங்கநாதன் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு, நான்கு நாளாக நெஞ்சில் உறுத்திக்கொண்டிருந்ததைக் கேட்டார்.

"எனக்கு அன்னிக்குக் குரலே வரலை பெரியவரே. நான் கூப்பிடவே இல்ல. அப்புறம் எப்படித் தெறந்தீங்க?"

தர்மன் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீங்க கூப்பிடலன்னு தெரியும் சார். அவன்தான் கூப்பிட்டான். 'மாமா, இவரயாச்சும் வெளிய விடுங்க'ன்னான்."